ஐஸ் தீரும்வரை

நவம்பர். டார்வினில் மழை
நாளைக்குத் தருகிறேன் என்னும் கடன்காரனைப் போல
ஆறு வாரமாக இடித்துக்கொண்டே இருந்தது.
மாலை ஆறே காலுக்கு மின்சாரம் போனது.
முதலில் மின்விசிறி நின்றது.
பிறகு ஃபிரிட்ஜின் முனகல்.
நின்ற பிறகுதான் தெரிந்தது
அது இத்தனை நாள் முனகியது.

என்னிடம் மூன்று தட்டு ஐஸ்,
அரை பாட்டில் ஜின்,
ரசத்துக்கென்று கரைத்த புளி.
இந்த வெக்கையில் ரசம் யாருக்கு?
ஷேக்கர் ஒன்றும் இருந்தது, தெருமுனையில்
யாரோ வீடு காலிசெய்தபோது இரண்டு டாலருக்கு வாங்கியது.
மூடி நெளிந்தது. குலுக்கினால் முழங்கை வரை வழியும்.

புளி, வெல்லப்பாகு, இஞ்சிச் சாறு,
உப்பு ஒரு சிட்டிகை.
உலோகம் விரலைக் கடிக்கும்வரை குலுக்க வேண்டும்.
எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.
தேறல் என்ற சொல்லை மதிப்பெண்ணுக்காகப் படித்தவள்,
ஊற்றிப் பழகியது இங்கேதான்.
அம்மா கேட்டால் ஜூஸ் என்பேன்.
முக்கால் பங்கு உண்மை.

"அது ஐஸ் சத்தமா?"
மேல்மாடியிலிருந்து மரிவிக்,
இரவுப் பணி முடிந்து தூங்க முடியாதவள்,
கை நிறையக் கலமன்சியோடு இறங்கி வந்தாள்.
எதிர்வீட்டு ஸ்டமாட்டிஸ் ஊஸோ கொண்டுவந்தார்;
தண்ணீர் பட்டதும் பாலாகத் திரிந்தது, எல்லோரும் ஒருமுறை
டார்ச் அடித்துப் பார்த்தோம்.
நேபாளத்துப் பையன் நிராஜன்
உறைந்த பட்டாணி ஒரு பை நீட்டினான்:
"குளிர்ச்சிதானே வேண்டும்?"
டம்ளர்களை அதன்மேல்தான் நிறுத்திவைத்தோம்.

ஜின் விட்டதில் புதினா,
விடாததில் கறிவேப்பிலை என்று அடையாளம்.
இருட்டில் இரண்டும் ஒரே கறுப்பு.
ஆளாளுக்கு முகர்ந்து எடுத்தோம்,
நிராஜன் மட்டும் இரண்டு தடவை முகர்ந்து.

இரண்டாவது தட்டு முடிந்தது.
மூன்றாவதில் கட்டிகள் நெல்லிக்காய் அளவுக்கு இளைத்துவிட்டன.
இனிச் சேர்த்து வைக்க ஏதுமில்லை என்றானபின்
பேச்சு தாராளமாகிவிடுகிறது.
மரிவிக் தன் மகனுக்குக் குரல் உடைந்ததைச் சொன்னாள்,
போனில், மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.
ஸ்டமாட்டிஸ் டம்ளரைச் சுழற்றினார்.
புளியும் ஊஸோவும் சேரவே சேராது,
ஆனாலும் அதைத்தான் மறுபடி கேட்டார்.
"அடிலெய்டில் மகள் கூப்பிடுகிறாள்.
வீட்டை விற்றுவிட்டு நான் அங்கே போய்—"

அப்போது வந்தது மின்சாரம்.

ஆ, என்றோம் எல்லோரும்,
கொஞ்சம் தாமதமாக.
நிராஜனின் பனியன் உள்ளே வெளியாக இருந்தது.
ஸ்டமாட்டிஸ் வெளிச்சத்தில் கண்ணைக் கசக்கி,
நல்ல புளி, என்று மட்டும் சொல்லி
டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.
நான்கு வீட்டுத் தொலைக்காட்சிகளும்
விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கின.

மழை அன்றும் வரவில்லை.
பட்டாணியைத் திருப்பிக் கொடுக்க மறந்துபோனேன்.
படுக்கும் முன் தட்டுகளில் தண்ணீர் நிரப்பினேன்.
மூன்று தட்டு.
பிறகு பரணிலிருந்து
நான்காவது ஒன்றையும் தேடி எடுத்தேன்.