நாற்பத்தைந்து நாள்

லியெபாயா துறைமுகத்துக்குப் பின்னால்
பழைய மீன் கிடங்கில் எங்கள் பட்டறை.
சணல் தண்டை நொறுக்கி, சிப்பிக்காளான் வித்து கலந்து,
அச்சில் அமுக்கி இருட்டில் வைத்தால்
ஆறு நாளில் வெள்ளையாய்ப் பின்னிக்கொள்ளும்.
ஏழாம் நாள் அடுப்பிலேற்றி உயிரை நிறுத்துவோம்.
அதன் பிறகுதான் அது பெட்டி.
மண்ணில் புதைத்தால் நாற்பத்தைந்து நாளில் மண்.
அந்த எண்ணை மூடியில் பெரிதாய் அச்சடித்திருந்தோம்.

மார்ச்சில் விமான நிலையக் கடைகள் சாத்தின.
எங்கள் பெட்டியெல்லாம் வாசனைப் புட்டிகளுக்கு.
மூக்கே மணத்தை மறந்துகொண்டிருந்த மாதத்தில்
யார் கேட்பார்?

ஹம்பர்க்கிலிருந்து கடிதம், மிக மரியாதையாக:
தற்போதைக்கு பிளாஸ்டிக்தான் சுத்தம் என்கிறார்களாம்,
நிலைமை சீரானதும் பேசலாமாம்.
குப்பை வண்டி யூரிஸ்
ஜன்னலுக்கு அப்பாலிருந்து கத்தினார்:
"உங்களுடையதையும் சேர்த்துத்தான் எரிக்கிறோம், விஸ்மா!
பிரித்தெடுக்கக் கை வைக்கக்கூடாதாம்."

ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பினேன்.
அக்ரிஸ் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.
கைகுலுக்கப் போய்
முழங்கையை நீட்டி
அதையும் பாதியில் நிறுத்தினோம்.

எரிவாயுவுக்குப் பணமில்லை; அடுப்பை அணைத்தேன்.
இருட்டறையில் முந்நூற்றுப் பன்னிரண்டு அச்சுகள் நிரம்பியிருந்தன.
அவற்றுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

இருபதாம் நாள் கதவைத் திறந்தேன்.
புட்டி உட்கார வேண்டிய பள்ளங்களிலிருந்து
சாம்பல் நிறக் காதுகள்,
ஒன்றன்மேல் ஒன்றாய்,
வெளிச்சம் வந்த பக்கம் திரும்பி.
சிரித்தேனா என்று நினைவில்லை.
அச்சு ஒவ்வொன்றும் பதினெட்டு யூரோ,
விளிம்பெல்லாம் வெடித்திருந்தன.

விற்க உரிமம் கிடையாது.
வெண்ணெயில் வதக்கி, சோம்புக்கீரை தூவி,
சுட்டு மிஞ்சியிருந்த பழைய பெட்டிகளிலேயே வைத்து
ஆறு வாசல்களில் இறக்கிவிட்டு வந்தேன்,
மணியடித்துவிட்டு, படியிறங்கி.
இரவு அக்ரிஸிடமிருந்து செய்தி:
"உப்பு பத்தாது.
பெட்டி ஒழுகவில்லை."

மேல்தட்டில் இன்னும் நாலாயிரம் நிற்கிறது.
கடல் ஈரம் அடிப்பெட்டிகளின் மூலையைத்
தின்னத் தொடங்கிவிட்டது.
மட்குவதற்கென்றே செய்தோம்;
காத்திருப்பதற்கு அதில் ஒன்றும் சேர்க்கவில்லை.
மூடியிலிருக்கும் எண்ணை விரலால் தேய்த்துப் பார்க்கிறேன்.

பட்டறை மூடி
இன்றோடு அறுபத்தொன்று.