அண்டா

லீவு இருபத்தெட்டு நாள்.
வந்த மறுநாளே குக்கரை ஓரம் தள்ளி
மாடி வீட்டில் கல்யாண அண்டாவை
இரவல் வாங்கி வந்தார்.
வீட்டில் நாங்கள் மூன்றே பேர்.

"கொஞ்சமா செய்ய கை வரல, எஸ்தர்."
பதினாறு வருஷம் லங்கரில் பொங்கிய கை.
உப்பைச் சிட்டிகையில் நினைக்கத் தெரியாத கை.

அன்று வ.உ.சி. நகர் மூன்றாவது தெரு முழுக்க
ராஜ்மா வாசனை.
சிலிண்டர் போடுகிற பையனுக்கு,
தண்ணி லாரி டிரைவருக்கு,
குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு.
"இன்னா கொட்ட இது, மெத்துனு கீது"
என்று கன்னியம்மா
ரெண்டாம் தடவையும் கிண்ணம் நீட்டினாள்.

காசிமேட்டுக்கு அனுப்பினேன்,
அரைக் கிலோ நெத்திலிக்கு.
கூடையோடு வந்து நின்றார்.
திட்டினேன்.
திட்டிக்கொண்டே ஆய்ந்தேன், பதினொரு மணி வரை.
பக்கத்தில் குந்தி
தலை கிள்ளப் பழகினார்.
மலை மேல் எல்லாம் டின் மீன்தானாம்.

தட்டு மட்டும் நான்கு வைக்கிறார்.
ஜெனிட்டா எண்ணிவிட்டு வாய் திறந்தாள்.
கண்ணால் அடக்கினேன்.
நான்காவதில் சோறு போடுவதில்லை.
துண்டால் துடைத்து வைக்கிறார்,
சாப்பிட்டு முடித்ததும்
அதையும் சேர்த்துக் கழுவுகிறார்.
யாருடையது என்று
இருபத்தெட்டு நாளும் நான் கேட்கவில்லை.

நேற்று சென்ட்ரலில் ஏற்றிவிட்டு வந்து
ஒன்றரை டம்ளர் அரிசி களைந்தேன்.
அடி கருகிய இடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து
அண்டாவைத் தூக்கிக்கொண்டு படியேறினால்
கதவைப் பாதி திறந்து கேட்கிறாள் மாடிக்காரி:
"அங்கியே இருக்கட்டும்க்கா.
மறுபடி எப்போ வருது,
அந்தக் கொட்டக் கொழம்பு?"