சூர்

கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி குருடாகிவிட்டது.
வெளியே மைனஸ் பதினான்கு.
உள்ளே, ஈரத்துணியை மூட்டையாகக் கட்டி
மறந்துபோன மாதிரி ஒரு வெக்கை.
மஃப்ளர் நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு
முதலில் பார்த்தது ஒரு வாளியை,
அப்புறம் அதைப் பிடித்திருந்த கையை,
அப்புறம்தான் செடிகளை.

மாணவர் அட்டைக்குப் பாதி விலை.
தார்ட்டு நகரில் பாதி விலைக்குக் கிடைக்கும் சூடு
இது ஒன்றுதான்.
விடுதியில் ஹீட்டர் செத்து மூன்று நாள்.
அறைத்தோழி ஜானெல் கோட்டோடு தூங்குகிறாள்.
நான் கணினியில்
யாருடையதோ ஒரு சதுப்பு நிலத்தைச்
சதுரம் சதுரமாக நறுக்கிக்கொண்டிருந்தேன்,
விரல்கள் மடங்க மறுக்கும்வரை.

ஆக, தாவரங்களுக்காக வரவில்லை.
இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.
அம்பத்தூரில் மூன்றாவது மாடி.
எங்களிடம் இருந்தது பெயிண்ட் வாளியில் ஒரு குரோட்டன்ஸ்.
வீடு மாறியபோது அதையும்
லாரிக்காரர் ஏற்றமாட்டேன் என்றுவிட்டார்.
வேர், மண், பிடுங்கி நட்டது என்று
யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

வாளிக்காரப் பெண்மணியின் பெயர் உர்வே.
சட்டையில் குத்தியிருந்தது.
வேலை பார்த்த தபால் நிலையத்தை மூடிவிட்டார்களாம்,
இந்தக் குளிர்காலத்தில்தான் இங்கே சேர்ந்தாராம்.
என்னை ஏற இறங்கப் பார்த்தவர்
மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப் போனார்,
பெரணிகளைத் தாண்டி, ஒழுகும் குழாயைத் தாண்டி,
கூரை தாழ்ந்து வரும் மூலைக்கு.

தொட்டியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி.
தகரச் சீட்டில் இரண்டு வரி லத்தீன்,
கீழே: தென்னிந்தியா.
உர்வே சீட்டைக் காட்டினார். என்னைக் காட்டினார்.
மறுபடி சீட்டை.
நான் அதை ஆயுளில் பார்த்ததில்லை.
இலை விளிம்பு அரம் போல. அடியில் சாம்பல் பூத்திருந்தது.
செடிக்கும் என்னைத் தெரிந்த மாதிரி இல்லை.

"அங்கே? சூர்?" என்றார்,
உள்ளங்கையை மெல்ல மெல்ல உயர்த்தியபடி.
சூர் என்றால் அவர்கள் மொழியில் பெரியது.
என் மொழியில் அச்சம்,
மலைச்சுனையில் இருந்துகொண்டு ஆளை வருத்தும் ஒன்று.
இரண்டுக்கும் சேர்த்துத்தான் தலையாட்டினேன்.
கேட்ட முகத்தில் அவ்வளவு ஆசை.
கையை என் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்,
போதாதென்று குதிகாலையும்.

உர்வே கூரையைப் பார்த்தார்.
என் விரல் நுனிக்கு ஒரு முழம் மேலே
வியர்த்துக்கொண்டிருந்தது கூரை.
'ச்ச்' என்றார்,
போன வருஷத்துச் செருப்பில் நடக்கும் குழந்தையைக்
கண்டுவிட்டவர் போல.

இரவு, நானும் கோட்டோடு படுத்துத் தேடினேன்.
புதர். ஆள் இடுப்பைத் தாண்டாது.
நிழலும் நெருக்கமும் வேண்டும்.
ஜானெல் சிரித்த சிரிப்பு
ஆவியாக வந்து என் கட்டில்வரை எட்டியது.

அடுத்த புதன்கிழமை
மன்னிப்புக்கு வேண்டிய சொற்களை
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனேன்.
மூலை காலி.
தரையில் வட்டமாக ஈரம்,
அங்கிருந்து தள்ளுவண்டிச் சக்கரத்தின் இரண்டு கோடுகள்.
பின்தொடர்ந்தேன்.

பனைகளின் கூடம். மூன்று மாடி உயரம்.
நடுவில், இரண்டு பெரிய தொட்டிகளை நகர்த்தி
உண்டாக்கிய இடத்தில்
அந்த முழங்கால் செடி.
அதற்கு மேலே கண்ணாடி,
கண்ணாடிக்கு மேலே பனி,
பனிக்கு மேலே நான்கு மணிக்கே இருட்டு.
பக்கத்தில் ஆறடி மூங்கில் கழி ஒன்று,
சணல் கயிற்றோடு, ஏறுவதற்குத் தோதாக.

உர்வே ஏணிமேல் நின்று கையசைத்தார்.
என் உள்ளங்கை வியர்த்து மை கலங்கியிருந்தது.
அந்தக் கையைத்தான் நானும் அசைத்தேன்.

ஹீட்டர் சரியாகிவிட்டது.
இருந்தாலும் புதன்தோறும் போகிறேன்.
கழியில் யாருக்கும் தெரியாமல்
பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
மார்ச் இரண்டாவது வாரம்
கோட்டுக்கு மேலே ஓர் இலை இருந்தது,
அல்லது
நான் குனிந்து பார்த்தேன்.