மட்டம்

நாற்பத்தொரு கொள்முதல் நிலையம்,
அறுநூற்றுச் சொச்சம் சுமைக்காரர்,
ஆளுக்கு இருபத்தாறு கேள்வி.
பதினான்காவது:
"என்னால் முடியாத நாளில்
என் மூட்டையை இன்னொருவர் தூக்குவார்."
ஒன்று என்றால் கிடையவே கிடையாது.
ஐந்து என்றால் நிச்சயம்.

தை மாதம் கோட்டூரில்
நாடிமுத்து ஐந்து சொன்னார்,
வாயிலிருந்து பீடியைக்கூட எடுக்காமல்.
புரட்டாசியில், இன்னும் தெற்கே,
வேறொரு களத்தில், ஒன்று.
அதே தோள். அதே நாற்பது கிலோ.

பேராசிரியர் அந்த வரியை மஞ்சளில் அடித்து அனுப்பினார்:
பதிவுப் பிழை. சரிபார்க்கவும்.

போனேன்.
மன்னார்குடி தாண்டினால்
சாலையும் வாய்க்காலும் வயலும் ஒரே மட்டம்.
இந்த மண்ணின் சாய்வு கண்ணுக்குப் பிடிபடாது,
தண்ணீருக்குத் தெரியும்.
தண்ணீர் வராத வருஷம்
சாய்வு இருந்தென்ன.

கோட்டூரில் சாயங்காலக் கூலி முழுவதையும்
ஒரே துண்டில் கொட்டுவார்கள்.
வைரக்கண்ணு எண்ணுவார்.
மட்டம் போட்டவனுக்கும் உண்டு:
காய்ச்சல் என்றால் பாதிப் பங்கு,
சாராயம் என்றால் கால்.
"அவனுக்கும் ஒரு வயிறு இருக்குல்லம்மா."

தெற்கே, மூட்டைக்கு ஒரு கரிக்கோடு.
சுவரில் ஆளுக்கொரு பத்தி.
நாடிமுத்தின் பத்தி குட்டை.
அங்கே ஒருவரும் கெட்டவரில்லை.
டீ வாங்கிக் கொடுத்தார்கள்,
என் வண்டிக்குக் காற்றடித்துத் தந்தார்கள்.
அந்தச் சுவர் போதுமாயிருந்தது.

ஆளைக் கேட்டேன்,
களம் பதில் சொல்லியிருக்கிறது.
இதை எந்தக் கட்டத்தில் எழுத?

கோட்டூரின் சராசரி நான்கு புள்ளி இரண்டு.
நான்கு புள்ளி இரண்டாக ஒரு மனிதரையும்
நான் அங்கே பார்க்கவில்லை.
பாலகுரு அதே துண்டில் பங்கு வாங்குகிறவர்,
இரண்டு சொன்னார்.
பாதிப் பங்குக்குக் கைநீட்டக் கூசி
நூற்றிரண்டு காய்ச்சலோடு வந்து தூக்கியவர்.
அதே நிழல்
ஒருவரை உட்கார வைக்கிறது,
இன்னொருவரை எழுந்து போகச் சொல்கிறது.

லாரி வராத பத்தொன்பதாம் நாள்
கோட்டூரிலும் துண்டு விரியவில்லை.
எங்கோ ஒரு மேசையில்
கையெழுத்தாகாத ஒரு தாள்.
இங்கே வைரக்கண்ணு
பாலகுருவின் சட்டையைப் பிடித்திருந்தார்.

அப்புறம் மழை.
தார்ப்பாய் போதவில்லை.
அட்டியின் அடிவரிசையில்
ஒரு மூட்டை மூலை நனைந்தது.
ஒரு பிடி ஈரம் மூட்டையைச் சூடாக்கும்,
மூட்டை அட்டியை.
அட்டியின் சூடு திரும்பி இறங்கி
பதினேழு சதத்துக்குள் காய்ந்து வந்த மணியையும்
முளைவிட வைக்கும்.
கையை உள்ளே விட்டேன்.
சுட்டது.

அதே மழை தெற்கேயும்.
நாடிமுத்து யாரும் சொல்லாமல்
வெளியே கிடந்த மூட்டைகளை
உள்ளே தூக்கிப் போட ஆரம்பித்தார்.
அதற்குக் கோடு கிடையாது, கூலியும் கிடையாது.
நாலாவது மூட்டையில் ஒருவன் கைகொடுத்தான்.
ஏழாவதில் திட்டிக்கொண்டே இன்னும் மூன்று பேர்.
சாரலில் சுவர்க் கரி வழிந்து
எது யார் பத்தி என்று தெரியாமல் போக,
அன்றைக்கு ஒருநாள்
கணக்கில்லாமல், கெட்ட வார்த்தைகளோடு,
சமமாய்ப் பிரித்துக்கொண்டார்கள்.

விதிப்படி இரண்டாம் முறை கேட்கக் கூடாது.
கேட்டேன், பதினான்காவதை.
தலை துவட்டியபடி நாடிமுத்து என்னையே கேட்டார்:
"இன்னிக்கா, எப்பவுமா?"

படிவத்தில் அதற்கு இடமில்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.
பேராசிரியருக்கு அனுப்பினேன்:
பிழை இல்லை. இரண்டையும் வைத்துக்கொள்ளவும்.

மறுநாள் நல்ல வெயில்.
நான் கிளம்பும்போது
கரிக்கட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.