அவசரமில்லை

ஏறுவதற்குக் காசு வேண்டும்.
இறங்குவது இலவசம்.
திபிலீசியின் வடக்கோரம், கில்தானியில்
எங்கள் பதினாறு மாடிக் கட்டடத்து
லிப்டுக்கு இதுதான் சட்டம்.
நான் போட்ட சட்டமல்ல; நான் வெறும் மெக்கானிக்.
பெட்டியைத் திறப்பேன், எண்ணுவேன், கிரீஸ் தடவுவேன்.

பதினோராம் மாடி நுக்சார்
ஒன்பது வருடமாக என்னை ஏமாற்றினான்.
இருபது டெட்ரிக் காசில் ஓட்டை போட்டு
பச்சை நூல் கட்டி
துவாரத்தில் இறக்குவான்.
மோட்டார் முனகியதும் மேலே இழுத்துக்கொள்வான்.
ஒரே காசு. போகும், வரும்.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.
புத்தாண்டுக்கு ஒரு குடுவை ஒயின்
என் கதவடியில் இருக்கும், பேரில்லாமல்.

போன பிப்ரவரி, மின்சாரம் நின்ற இரவில்
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே மாட்டிக்கொண்டான்.
குரல்செய்தி அனுப்பினான்:
"மல்ஹாஸ், உள்ளே இருக்கிறேன். அவசரமில்லை."
நான் வந்து கதவை நெம்பி முடிக்க நாற்பது நிமிடம்.
ஏழாம் மாடியில் வெளியே வந்தவன் முகத்தில்
குளிப்பாட்டிய பிள்ளையின் பளபளப்பு.
"போனில் சார்ஜ் தீர்ந்துபோச்சு.
என் கையே என் கண்ணுக்குத் தெரியவில்லை.
ஆனால் கை இருந்தது, மல்ஹாஸ்.
நாற்பத்தாறு வயதில் இப்போதுதான் கவனிக்கிறேன்,
யாரும் கூப்பிடாமலே நான் இருக்கிறேன்."
பிறகு வெட்கம் வந்து
மீதி நாலு மாடியை நடந்தே ஏறினான்.

அந்தச் செய்தி இன்னும் அழியாமல் இருக்கிறது.
அதற்கு மேலேயும் கீழேயும்
தண்ணீர் வரி, பல் மருத்துவர் நினைவூட்டல்,
தள்ளுபடியில் டயர்.

மே மாதம்
சவப்பெட்டியின் மூடி மட்டும்
கட்டட வாசலில் நிமிர்ந்து நின்றது.
இங்கே அப்படித்தான் சொல்வார்கள், வாயால் சொல்லாமல்.
சிவப்பு விளக்கில் நிறுத்திய டாக்சி
பச்சை விழுந்தும் நகரவில்லையாம்.
பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்திருக்கிறார்கள்,
வெகுநேரம்,
கோபமாக.

எண்சாண் உடம்புக்கு
என் லிப்ட் ஆறு சாண்தான்.
பதினோரு மாடியும் படி வழியே.
ஆறு பேர் தூக்கினோம், முகம் திறந்தபடி.
திருப்பத்துக்குத் திருப்பம் சாய்த்து, நிமிர்த்தி,
"என் பக்கம், என் பக்கம், மெல்ல, சுவர்" என்று
சோபா இறக்கும் அதே சொற்களோடு.
ஆறாம் மாடியில் மூச்சு முட்டியது. தரையில் வைத்தோம்.
யார் வீட்டிலோ வாஷிங் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.
கறுப்பு உடுத்திய லமாரா திடீரெனச் சிரித்தாள்:
"இறங்குவது இலவசம்னு
எத்தனை தடவை சொல்லியிருப்பான்!"
நாங்களும் சிரித்தோம்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காசுப் பெட்டியைத் திறந்தேன்.
முன்னூற்றுப் பதினெட்டு.
ஒவ்வொன்றும் யாரோ வீடு சேர்ந்த சத்தம்.
ரொட்டியோடு, காய்ச்சல் குழந்தையோடு,
வேலை போன செய்தியை எப்படிச் சொல்வதென்ற ஒத்திகையோடு.
எல்லாவற்றுக்கும் அடியில்
அந்த ஓட்டைக் காசு.
அரை விரல் நீளத்துக்குப் பச்சை நூல்.
அறுந்திருந்தது.

எந்த நாள் என்று தெரியவில்லை.
மீதி நூல் அவன் விரலில் தொங்கியிருக்கும்.
திட்டினானோ, தோளைக் குலுக்கினானோ.
ஏறினான் என்பது மட்டும் நிச்சயம்.
காசு விழுந்தால் ஏறும், அது என் பொறுப்பு.

கணக்கில் முன்னூற்றுப் பதினேழு என்று எழுதினேன்.

மொட்டைமாடியில், மோட்டார் அறைக்கு வெளியே நின்றேன்.
வடக்கே காகசஸ், மே மாதத்திலும் முழுப் பனியோடு.
இருபது வருடமாக நான் ஏறி வரும் இடம்.
எப்போதும் தலை குனிந்து, ஸ்பேனரைத் தேடியபடி.
மலைக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

உள்ளே கம்பிவடம் சிணுங்கத் தொடங்கியது.
கீழே யாரோ காசு போட்டுவிட்டார்கள்.
இரண்டு. மூன்று. ஐந்து.
யார் வீட்டில் நிற்கும் என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன்.
கிரீஸ் படிந்த என் கை
எனக்கு முன்னால்
இருந்தது.