அரைத்தாங்கி

திங்கள் தொடங்கி வெள்ளி வரை
நாலாயிரம் லீட்டர் கொண்டுபோகிறவன்,
ஞாயிறு விடியப்புறம் நாலரைக்கு
எண்ணூறு மில்லியைக் கட்டிக்கொண்டு
வலையிறவுப் பாலத்தில் நிற்கிறேன்.

பிரதேச சபைப் பவுசரின் பழைய சீட் உறையில்
தைத்த இடுப்புப்பட்டி. இரண்டு போத்தல்.
ஒன்றில் வெறுந்தண்ணி,
மற்றதில் தேசிக்காய், சீனி, உப்பு.
கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் ஒன்பது.
பொலித்தீனில் முடிந்த பனங்கட்டி.
கச்சான் இல்லை. போன மாதம்
கரவெட்டி தாண்டிக் கச்சான் மென்றபடி ஓடி
தோலொன்று தொண்டையில் ஒட்ட,
எதிரே வந்த கச்சான் காற்றும் சேர்ந்து
இருமி இருமி வீதியில் குந்தியதோடு
இரண்டு கச்சானையும் ஒன்றாய் வைப்பதில்லை.

தாகம் வர முன்னம் ஒரு மிடறு,
பசி வர முன்னம் ஒரு பழம்.
பசித்த பிறகு தின்றால்
அது காலுக்கு வந்து சேர அரை மணித்தியாலம்,
ஓடர் போட்டு அடுத்த மாதம் வரும்
பவுசர் டயர் போல.

முதல் மிடறோடு தொடங்கும் சத்தம்.
களக். களக்.
எனக்குத் தெரிந்த சத்தம்தான்.
நிறைந்த தாங்கி அடங்கி வரும்.
அரைத்தாங்கிதான் வளைவில்
பின்னுக்கிருந்து ஆளைத் தள்ளும்;
பிரேக் பிடித்த பிறகும்
தண்ணி ஓடிக்கொண்டே இருக்கும்.
பவுசருக்கு மருந்தில்லை. போத்தலுக்கு உண்டு:
நெரித்துக் காற்றை வெளியே விட்டு
மூடியைத் திருகினால் வாயை மூடும்.
வயிற்றுக்குள் போனதை நெரிக்க ஏலாது.

வீதிக்கு அடியில் பெரிய குழாய் ஒன்று
உன்னிச்சைக் குளத்துத் தண்ணியோடு
நகரத்துக்குப் போகிறது.
நான் மேற்கே, அது கிழக்கே.

ஆயித்தியமலை தொட்டுத் திரும்பி
இருபத்திரண்டாம் கிலோமீற்றர்.
தொடை நனைந்து கிடந்தது.
வியர்வை என்றே நினைத்தேன்.
வாய்க்கு உயர்த்தினால் சீனிப் பிசுபிசுப்பு மட்டும்,
போத்தலின் அடியில் மயிரளவு கீறல்.
மற்றது எப்போதோ முடிந்தது.
ஏழு மணிக்கே வெயில் முதுகில் ஏறி
பேரீச்சம்பழம் வாயில் களியாய் நின்றது.
தின்னவும் தண்ணி வேணும்.

பாலையடிச் சந்தியில் நீலத் தாங்கி.
வெள்ளி பின்னேரம் நான் நிறைத்தது.
பத்தொன்பது குடும்பம், ஆயிரம் லீட்டர்,
புத்தகத்தில் என் கையெழுத்து.
ஒரு கைமண்டை குடித்தால் ஆர் கேட்பது
என்று பைப்பைத் திருகினேன்.

குளவி ஒன்று வெளியே வந்தது.

கீழே பதினொரு வெறுங்கான்,
மேலே கல் வைத்து இடம் பிடித்து,
திங்களுக்கு. எனக்கு.
நான் வருவது திங்களும் வெள்ளியும்.
ஞாயிற்றுத் தாங்கியை
இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"பவுசர்க்காரத் தம்பியா? என்ன, பவுசர் இல்லாம?"
வேலிக்கு அங்கால் யோகமலர் அக்கா,
கையெழுத்து வைக்கிறவ.
"ஓடுறன் அக்கா."
"ஆரிட்ட இருந்து?"

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்
செம்பில் கொண்டுவந்தா.
அளந்து பழகின கண் எனக்கு:
அரை லீட்டர்.
உப்புக் கேட்டேன். சிரித்தபடி ஒரு கிள்ளு போட்டா.
மெல்ல மெல்லக் குடிக்கவேணும், தெரியும்.
ஒரே மூச்சில் குடித்தேன்.
"மறுகா வாங்க, பவுசரோட."

மிச்சம் எட்டுக் கிலோமீற்றர்
களக் களக் என்று வயிற்றுக்குள் ஆடி
பின்னுக்கிருந்து தள்ளிக்கொண்டே வந்தது அது.

திங்கள் காலை கோல் விட்டுப் பார்த்து ஊற்றினேன்.
கோலில் இருபத்தைந்து லீட்டருக்கு ஒரு கீறு.
அரை லீட்டரை அதில் காட்ட ஏலாது.
நிறைந்த பிறகும்
ஹோஸைக் கழற்றாமல் நின்றேன்,
"வழியுது, வழியுது" என்று
வரிசையில் ஆரோ கத்தும்வரை.