மெடிக்கல் காலேஜ் ஸ்டாப்பிங்

கன்னியக்கோயில் தாண்டியதும்
தொண்டையைச் செருமிக்கொள்வேன்.
'மெடிக்கல் காலேஜ்லாம் முன்னால வா!'
கடலூர் – பாண்டி, நாளைக்கு எட்டு நடை,
பத்தொன்பது வருஷம்.
பெருக்கிச் சொன்னவள் என் மகள் யாழரசி:
'அம்பதாயிரம் தடவ கத்திருக்கப்பா.
ஒரு தடவையாச்சும் எறங்குனியா?'

இன்று அவள் என் வண்டியில்.
இன்ஜின் பெட்டியோரம்
மடியில் பதினொன்றாம் வகுப்பு விண்ணப்பம்.
பெயர், ரத்த வகை எழுதிவிட்டாள்,
கொஞ்சம் தயங்கி என் மாத வருமானமும்.
பாடப்பிரிவு என்ற கட்டம் மட்டும்
யாரோ துண்டு போட்டுவிட்டுப் போன சீட்டு மாதிரி
யாரும் உட்காராமல்.
நாளை பன்னிரண்டு மணிக்குள் கொடுக்க வேண்டும்.

பத்தாவதில் கணக்கு தொண்ணூற்றெட்டு,
அறிவியல் தொண்ணூற்றொன்று.
அந்த ஏழு மார்க் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு
எங்கள் வீட்டில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தது தெரு.
'பயோ மேத்ஸ் எடு. டாக்டர் இல்லன்னா இன்ஜினியர்.'
'நீட்டுல கேக்காத கணக்கு எதுக்கு?
தாவரவியல், விலங்கியல் தனித்தனியா படி.'
'ஸ்டேட் போர்டே வேணாம், சிபிஎஸ்இக்கு மாத்து'
என்றார், பிள்ளையே இல்லாத ஒருவர்.
அவருக்கும் டீ கொடுத்தோம்.

மூன்றாம் வீட்டு நர்மதா பயோ மேத்ஸ்தான்.
நுண்கணிதத்தோடு மல்லுக்கட்டியதில்
செல்லுக்குள் என்ன இருக்கிறதென்று
எட்டிப் பார்க்க நேரமில்லாமல் போனது.
இப்போது ஒரகடத்தில்
கார் கதவுக்கு ரப்பர் வைக்கிறாள்.
மீராசா மகன் இர்ஷாத் ப்யூர் சயின்ஸ்.
மூன்று முறை நீட் எழுதினான்.
திருப்பாதிரிப்புலியூரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறான்.
போன மாதம் எனக்கும் எடுத்தான்,
ஊசி ஏறியதே தெரியவில்லை.
'கணக்கு எடுத்திருக்கலாம்ணே' என்றான்
பஞ்சை அழுத்திக்கொண்டே.

எனக்குத் தெரிந்தது டிக்கெட்.
எங்கள் வண்டியில் ரிட்டன் கிடையாது.
போகிற நடைக்குத்தான் கிழிப்பேன்,
வருவது வேறு நடை, வேறு காசு.
இதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன்.
எந்தப் பக்கத்துக்குச் சாட்சி சொல்கிறதென்று
எனக்கே பிடிபடாததால்
மென்று விழுங்கிவிட்டேன்.

பெண்ணையாற்றுப் பாலத்தில் கேட்டாள்:
'எனக்குக் கெடைக்கலன்னா நீ என்னப்பா பண்ணுவ?'
நீ.
அவள் கேட்டது அதைத்தான்.
'பின்னால ரெண்டு ரெட்டிச்சாவடி இருக்கு' என்று
கூட்டத்துக்குள் புகுந்துகொண்டேன்.

சில்லறை கொடுத்தேன். வாங்கினேன்.
கன்னியக்கோயில் போனது.
தொண்டையைச் செருமவில்லை.

'ஐயோ நிறுத்துங்க, ஆஸ்பத்திரி போயிடுச்சு!'
ஸ்கேன் கவரை நெஞ்சோடு அணைத்த ஒரு பெண்,
தோளில் சாய்ந்த புருஷன்.
அவன் கண் மஞ்சளாயிருந்தது.
விசில் கொடுத்தேன். முந்நூறு அடி தள்ளி நின்றோம்.
நான் படியிலிருந்து காலை எடுப்பதற்குள்
யாழரசி கீழே இருந்தாள்.
அவன் இன்னொரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு
வெயிலில் பின்னோக்கி நடந்தாள்,
கேட் வரைக்கும்.
டிரைவர் ஹாரன் அடித்தார்.
பின்னால் வேறு கம்பெனி வண்டி
எங்கள் கலெக்‌ஷனை அள்ளிக்கொண்டு போனது.

மூச்சிரைக்க வந்து ஏறினாள்.
'மஞ்சக் காமாலை எதனால வருதுன்னு
அந்தக்கா என்னைக் கேட்டாங்கப்பா.
பாதிதான் தெரிஞ்சது' என்றாள்
ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் போல.

அரியாங்குப்பத்தில் எட்டிப் பார்த்தேன்.
கட்டத்தில் பென்சிலால் ஒரு எண்.
கணக்கு இல்லாத பிரிவு.
அழிக்க வசதியாகவா என்று நினைத்தேன்.
கையை நீட்டினாள்:
'பேனா ஒன் காதுல இருக்கு.'

ராத்திரி வசூலில் பதினோரு ரூபாய் துண்டு விழுந்தது.
மூன்று தடவை எண்ணினேன்.
வழக்கமாக அவளைத்தான் கூப்பிடுவேன்.
பையை மூடி
என் பணத்தில் பதினொன்றை வைத்துக் கட்டினேன்.